கட்டற்ற கூட்டத்துக்கு ஒரு கட்டுப்பாடு

எனக்கும் கம்ப்யூட்டருக்கும் உள்ள உறவு, எனக்கும் என் மாமனாருக்கும் உள்ள உறவு மாதிரி. மரியாதை உண்டு, பேச்சுவார்த்தை குறைவு. நான் பி.காம். டெபிட், கிரெடிட் தெரியும். ஐந்தொகையில் இரண்டு பக்கமும் ஒரே எண் வந்துவிட்டால் அன்றைக்கு நன்றாகத் தூக்கம் வரும். அப்படிப்பட்ட அடியேன், ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்க்காரர்கள் கூடும் கூட்டத்துக்கு நடத்தை விதி எழுதப் போய், கடைசியில் அந்த விதியிலேயே மாட்டிக்கொண்ட கதை இது.

தாடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தாடி என் பள்ளித் தோழன். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறது. பகலில் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் சம்பளமுள்ள வேலை. ராத்திரியும் சனி, ஞாயிறும் சம்பளமில்லாத வேலை. இரண்டாவதற்குப் பெயர்தான் ஓப்பன் சோர்ஸ்.

"அப்படின்னா என்னடா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். அரை மணி நேரம் சொன்னான். எனக்குப் புரிந்த வரை இவ்வளவுதான்: சாதாரணமாக சாஃப்ட்வேர் கம்பெனிகள் புரோகிராமைப் பூட்டிவைத்து விற்கின்றன. இவர்கள் பூட்டுவதில்லை. கணக்குப் புத்தகத்தை நடுத்தெருவில் திறந்து வைத்த மாதிரி. யாரும் படிக்கலாம், தப்பு இருந்தால் திருத்தலாம், காப்பி எடுத்துக்கொண்டு போகலாம். தமிழில் 'கட்டற்ற மென்பொருள்' என்கிறார்கள். (இரண்டும் ஒன்றில்லை என்று தாடி சண்டைக்கு வருவான். இந்தப் பக்கத்தை அவனுக்குக் காட்டாதீர்கள்.) 1991-ல் ஃபின்லாந்தில் லைனஸ் டோர்வால்ட்ஸ் என்கிற 21 வயது மாணவர் இப்படித் திறந்துவைத்த லினக்ஸ்தான், இன்றைக்கு உங்கள் சட்டைப் பையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடிவயிற்றில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஊருக்கு ஒருவராக உட்கார்ந்து மெயிலிலேயே குடித்தனம் நடத்துகிறவர்கள், வருஷத்துக்கு ஒரு தடவையாவது முகம் பார்த்துப் பேசக் கூடுகிறார்கள். 2023-ல் தாடியும் நண்பர்களும் அப்படி ஒரு கூட்டம் ஏற்பாடு செய்தார்கள். தாம்பரம் தாண்டி ஒரு கல்லூரி ஹால்.

"டேய், நீ பி.காம். தானே? வரவு செலவு மட்டும் பார்த்துக்க. மதியம் சாம்பார் சாதம் ஃப்ரீ."

சாம்பார் சாதத்துக்கு மயங்காத பி.காம். உண்டா? போனேன்.

வாசலில் ஒரு மேஜை, ஒரு லாங் சைஸ் நோட்டு, கயிறு கட்டிய பேனா. நோட்டில் கோடு போட்டது நான். பெயர், ஊர், வேலை, கையெழுத்து. சாப்பாட்டுக் கணக்குக்கு ஆதாரம் வேண்டுமே! கோடு போட்டு முடித்த பிறகும் பக்கத்தில் இடம் மிச்சமிருந்தது. இடம் மிஞ்சினால் வணிகவியல்காரனுக்குக் கை அரிக்கும். 'மொபைல் நம்பர்' என்று இன்னொரு பத்தி சேர்த்தேன். யாரும் கேட்கவில்லை. யாருக்கும் தேவையுமில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வந்தவர்கள் 140 பேர். அதில் பெண்கள் 12. முதலில் பேசிய ஆசாமி ஏதோ ஒரு சாஃப்ட்வேரைத் திரையில் காட்டிவிட்டு, "இதை இன்ஸ்டால் பண்றது ரொம்ப ஈஸி. என் வொய்ஃப்கூட பண்ணிடுவா!" என்றார். ஹாலே சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது நான்தான். காலையிலிருந்து அங்கே பேசியதில் எனக்குப் புரிந்த முதல் விஷயம் அதுதான்!

மதியத்துக்கு மேல் ஒரு பெண் பேசினார். 23, 24 வயது இருக்கும். தமிழ்ப் பெயர்களைக் கம்ப்யூட்டர் அகர வரிசையில் அடுக்கும்போது ஏன் சொதப்புகிறது என்பது விஷயம். நம் நெடுங்கணக்கில் கடைசியில் நிற்க வேண்டிய 'ன', கம்ப்யூட்டரின் எழுத்துப் பட்டியலில் 'ந'வுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறதாம். 'ற' போய் 'ர'வுக்குப் பக்கத்தில். அதை எப்படிச் சரி செய்வது என்று 20 நிமிஷத்தில் காட்டினார். பேரேடு எழுதிப் பழகிய எனக்குச் சட்டென்று புரிந்தது. கை தட்டினேன். 'அடுத்த மாதக் கூட்டத்திலும் இவர் பேசட்டும்' என்று தாடி அங்கேயே முடிவு செய்தான்.

அடுத்த மாதம் அவர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. பரீட்சையாக இருக்கும், கல்யாணமாக இருக்கும், வேலை மாறியிருக்கும் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். ஒரு பெண் காணாமல் போனால் நமக்குத்தான் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லையே!

மூன்று மாதம் கழித்து அவருடைய தோழி தாடியிடம் விஷயத்தைச் சொன்னார். கூட்டம் நடந்த அன்று ராத்திரி 11 மணிக்கு அந்தப் பெண்ணின் போனுக்கு ஒரு மெசேஜ். 'உங்க டாக் சூப்பர்.' மறுநாள், 'காபி சாப்பிடலாமா?' அப்புறம், 'ஏன் ரிப்ளை இல்லை?' அப்புறம், 'திமிரா?' அப்புறம் நடு ராத்திரியில் போன். கடைசியில் அந்தப் பெண் நம்பரையே மாற்றிவிட்டார்.

அனுப்பியவன் வெளியாள் இல்லை. எங்கள் கூட்டத்துக்கு புரொஜெக்டர் தூக்கிக்கொண்டு வந்தவன். நம்பர் எப்படிக் கிடைத்தது? வாசல் மேஜையில் அநாதையாகக் கிடந்த நோட்டை போனில் படம் எடுத்திருக்கிறான். என் நோட்டு. நான் கோடு போட்ட பத்தி.

"அன்னிக்கே யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?" என்று தாடி கேட்டிருக்கிறான்.

தோழி திருப்பிக் கேட்டது ஒரே வரி: "யார்கிட்ட சொல்றது அண்ணா?"

தாடியிடம் பதில் இல்லை. என்னிடம் சொன்னான். என்னிடமும் இல்லை. அந்த ஹாலில் மைக் செட்டுக்கு ஒரு பொறுப்பாளர் இருந்தார். சமோசாவுக்கு நான் இருந்தேன். இதற்கு யாரும் இல்லை.

அவனுக்கு ஒரு பெரியவர் போன் செய்து கேட்டார். "சும்மா ஃப்ரெண்ட்லியாத்தான் ஸார் மெசேஜ் பண்ணேன்" என்றான். அதற்குமேல் என்ன சொல்வது, எந்த விதியைக் காட்டி என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவன் அடுத்த மாதக் கூட்டத்துக்கும் வந்தான். அந்தப் பெண் வரவில்லை. கணக்கு நேராகிவிட்டது!

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாடி வீட்டு மொட்டை மாடியில் ஏழு பேர் கூடினோம். 'நடத்தை விதி வேண்டும்' என்று தாடி ஆரம்பித்தான். உடனே கிளம்பியது எதிர்ப்பு.

"நாம என்ன ரவுடிங்களா? படிச்சவங்க கூடற இடம்ங்க."

"கட்டற்ற மென்பொருள்னு பேர் வெச்சிட்டு கட்டுப்பாடா?"

"வாசல்ல போர்டு வெச்சா, உள்ளே ஏதோ அசிங்கம் நடக்குதுன்னுதான் நினைப்பான்."

"எல்லாரும் ஃப்ரெண்ட்ஸுங்க. ஃப்ரெண்ட்ஸுக்குள்ள எதுக்கு ரூல்?"

அந்தக் கடைசி வாதத்தைக் கேட்டதும் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த பி.காம். விழித்துக்கொண்டது. கூட்டு வியாபாரம் ஆரம்பிக்கிற எல்லோரும் சொல்கிற வசனம் அது. 'நமக்குள்ள எதுக்குடா அக்ரிமெண்ட்?' இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துத்தான் போலிருக்கிறது, 1932-லேயே கூட்டாண்மைச் சட்டத்தில் எழுதிவைத்துவிட்டார்கள்: ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால் லாபம் சமபங்கு என்று. சிநேகிதம் இருக்கும்போது ஒப்பந்தம் தேவைப்படாது. தேவைப்படுகிற அன்றைக்கு சிநேகிதம் இருக்காது. அன்றைக்கு உட்கார்ந்து எழுதவும் முடியாது. அதனால்தான் முன்கூட்டியே எழுதுவது.

தாடி வேறு விதமாகக் கேட்டான். "ஏம்ப்பா, பைத்தான் மொழியில ஒரு வரியை உள்ளே தள்ளி எழுதணும்னா 4 இடம் விடணும்னு 2001-லிருந்து ரூல் இருக்கு. ஒத்துக்கறோம். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989-ல ஜி.பி.எல்.னு லைசென்ஸ் எழுதினார். கோடை எடுத்தா எப்படி நடந்துக்கணும்னு பக்கம் பக்கமா ரூல். அதையும் ஒத்துக்கறோம். கோடுக்கு மரியாதை குடுக்க ரூல் இருக்கு. கோடு எழுதின பொண்ணுக்கு மரியாதை குடுக்க மட்டும் ரூல் வேண்டாமா?"

மாடியில் கொஞ்ச நேரம் காக்கா சத்தம் மட்டும் கேட்டது.

அங்கேதான் பெரியவர் பையைத் திறந்தார். ரிட்டயர்டு ஆபீஸர். மறுக்க முடியாத நல்ல மனிதர். 38 விதிகளை டைப் அடித்தே கொண்டுவந்திருந்தார். விதி 4: பெண்கள் இடது பக்கம், ஆண்கள் வலது பக்கம். விதி 9: பெண்கள் ஐந்தரை மணிக்குள் புறப்பட்டுவிட வேண்டும். விதி 17: கண்ணியமான உடை.

கமிட்டியில் இருந்த ஒரே பெண், குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு சோழிங்கநல்லூரிலிருந்து வந்தவர், மெதுவாகக் கேட்டார்: "ஸார், தப்புப் பண்ணினது ஒருத்தன். இடம் மாறி உட்கார வேண்டியதும் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டியதும் நாங்களா?"

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். 4, 9, 17 மூன்றையும் அடித்தார். பிறகு மொத்தக் காகிதத்தையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "நீங்க சொல்லுங்கம்மா, எழுதிக்கறேன்" என்றார். அவரை மறுக்க முடியாத நல்ல மனிதர் என்று சொன்னேனில்லையா?

எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. 'பத்திரிகையில எழுதறவன்தானே!' என்று தாடி சொல்லிவிட்டான். நோட்டுக் குற்றம் உறுத்திக்கொண்டிருந்ததால் மறுக்கவில்லை. மற்ற ஊர்களில் என்ன செய்தார்கள் என்று ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன்.

நாங்கள் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. உபுண்டு என்கிற லினக்ஸ் 2004-ல் வெளிவந்தபோதே கூடவே ஒரு நடத்தை விதியும் வந்தது. 2010 நவம்பரில் அமெரிக்காவில் அட்லாண்டா நகரில் ஒரு பெரிய ஓப்பன் சோர்ஸ் மாநாடு. அங்கே வந்த ஒரு பெண், தன்னிடம் ஒருவர் அத்துமீறியதைப் பகிரங்கமாகவே எழுதினார். அவரைத் திட்டியவர்களும் உண்டு. ஆனால் அதைத் தொடர்ந்து வேறொன்றும் நடந்தது. மாநாடுகளுக்கு ஒரு மாதிரி விதியை எழுதி, யார் வேண்டுமானாலும் காப்பியடித்துக்கொள்ளலாம் என்று திறந்துவைத்தார்கள். 2011-ல் வலேரி அரோரா, மேரி கார்டினர் என்ற இருவர் 'அடா இனிஷியேட்டிவ்' என்ற அமைப்பைத் தொடங்கி, மாநாடு மாநாடாக இதைக் கொண்டுசேர்த்தார்கள். அமைப்பு 2015-ல் மூடப்பட்டுவிட்டது. விதி நிலைத்துவிட்டது.

எப்படி நிலைத்தது? என் இனத்தார் கை வைத்ததால். அதாவது காசு! பைத்தான் மொழியைப் பராமரிக்கும் அறக்கட்டளை 2012-ன் இறுதியில் ஒரு தீர்மானம் போட்டது: நடத்தை விதி இல்லாத மாநாட்டுக்கு நன்கொடை கிடையாது. அவ்வளவுதான். 'நாங்க என்ன ரவுடிங்களா?' என்ற வாதம் ஊர் ஊராக வாபஸ் ஆனது. 2019-ல் நம் நந்தம்பாக்கம் டிரேட் சென்டரில் பைகான் இந்தியா நடந்ததே, அதற்கும் விதி இருந்தது.

லைனஸ் டோர்வால்ட்ஸே இதிலிருந்து தப்பவில்லை. தப்பான கோடு அனுப்பியவர்களைப் பழைய காலத்துக் கணக்கு வாத்தியார் மாதிரி வறுத்தெடுப்பதில் அவர் பிரசித்தம். 2018 செப்டம்பரில் தன் நடத்தைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சில வாரம் ஒதுங்கியிருந்தார். அதே மாதம் லினக்ஸ் கெர்னலுக்கும் ஒரு புது நடத்தை விதி வந்தது. அதையும் யாரும் புதிதாக எழுதவில்லை. 2014-லிருந்து பலரும் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பொது விதியைத் தழுவியதுதான்.

இந்தக் காப்பியடிக்கும் சமாசாரம் எனக்கு ரொம்பப் பிடித்தது. பி.காம். படித்தவர்களுக்கு டேபிள் 'ஏ' ஞாபகம் இருக்கும். 1956-ம் வருஷக் கம்பெனிச் சட்டத்தின் பின்னால் ஒட்டியிருந்தது. 2013-ம் வருஷச் சட்டத்தில் டேபிள் 'எஃப்'. கம்பெனி ஆரம்பிக்கிறவன் உள் விதிகளுக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், இதோ மாதிரி, வேண்டியதை மாற்றிக்கொள் என்கிற ஏற்பாடு. பொது விதியில் ஒரு சௌகரியம். பல ஊரில், பல சண்டையில் அடிபட்டுத் திருந்தி வந்திருக்கும். நான் உட்கார்ந்து எழுதினால் எனக்குத் தெரிந்த ஒரு சண்டைக்கு மட்டும்தான் விதி எழுதுவேன். பெரியவரின் 38 விதிக்கு நேர்ந்த கதிதான் அதற்கும் நேரும்.

நீங்கள் ஆபீஸ் போகிறவரானால் உங்களுக்கும் இது புதிதில்லை. 1997-ல் உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் வேலை செய்யும் இடத்துக்கு நெறிமுறை வகுத்தது. 2013-ல் அது சட்டமாயிற்று. 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆபீஸில் ஒரு உள் புகார் கமிட்டி வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஒரு உறுப்பினர் வேண்டும். நாளைக்கு ஆபீஸ் போனதும் நோட்டீஸ் போர்டைப் பாருங்கள். ஆனால் எங்கள் மாதிரிக் கூட்டத்தில் சம்பளம் தருகிற முதலாளி இல்லை, ஹெச்.ஆர். இல்லை. எல்லோரும் வாலண்டியர். எல்லோருக்கும் பொறுப்பு என்றால் யாருக்கும் பொறுப்பில்லை என்று அர்த்தம்.

மாதிரி விதியை முன்னால் வைத்துக்கொண்டு எங்கள் விதியைத் தமிழில் எழுதினேன். ஒன்றரைப் பக்கம். என்னவெல்லாம் கூடாது என்று பூசி மெழுகாமல் சொல்வது முதல் பகுதி: ஆண், பெண், சாதி, மதம், ஊர், உடம்பு, பேச்சு வழக்கு என்று எதை வைத்தும் கேலி கூடாது, 'வேண்டாம்' என்றால் அதோடு நிறுத்த வேண்டும், பின்தொடரக் கூடாது, கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. யாரிடம் சொல்வது என்பது இரண்டாவது: 'அமைப்பாளரை அணுகவும்' என்று மொட்டையாக இல்லாமல் இரண்டு பெயர், இரண்டு நம்பர், ஒருவர் பெண். சொன்னால் என்ன நடக்கும் என்பது மூன்றாவது: கூப்பிட்டுப் பேசுவதிலிருந்து வெளியே அனுப்புவது வரை. பெயர் வெளியே போகாது என்பது நாலாவது.

"பொய்ப் புகார் வந்தா?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. 2013 மார்ச்சில் கலிஃபோர்னியா மாநிலத்தில் சாண்டா கிளாராவில் நடந்த பைகானில், பின் வரிசையில் இரண்டு பேர் தங்களுக்குள் இரட்டை அர்த்தத்தில் பேசிச் சிரித்தார்கள். முன்னாலிருந்த பெண் திரும்பி அவர்களைப் படம் எடுத்து ட்விட்டரில் போட்டுவிட்டார். நிர்வாகிகள் அப்போதே இருவரையும் தனியே அழைத்துப் பேசினார்கள். விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டியது. படம் உலகம் சுற்றியது. இருவரில் ஒருவருக்கு வேலை போயிற்று. அடுத்து, படம் போட்ட பெண்ணை ஊரே வசை பாடியது. அவருக்கும் வேலை போயிற்று. புகாரில் பொய் ஏதும் இல்லை. ஒரு அசட்டு ஜோக்குக்கு இரண்டு பேர் வேலை. இதைப் படித்த பிறகுதான் அந்த நாலாவது பகுதிக்கு இன்னும் இரண்டு வரி சேர்த்தேன். கதவைச் சாத்திக்கொண்டு பேசித் தீர்க்க ஒரு அறை இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தால், தெருவில் நின்று கத்த வேண்டிய அவசியம் இரண்டு தரப்புக்குமே குறையும். விதி, புகார் சொல்கிறவருக்கு மட்டும் பாதுகாப்பு இல்லை. புகாருக்கு ஆளானவருக்கும்தான்.

எழுதியதைத் தாடி எல்லோருக்கும் சுற்றுக்கு விட்டான். திறந்த புத்தகக்காரர்கள் ஆயிற்றே, யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அந்தத் தோழிக்கும் ஒரு காப்பி போயிற்று. நாலு நாள் கழித்து ஒரு திருத்தம் வந்தது. இவர்கள் பாஷையில் 'பேட்ச்'. தோழி பெயரில் வந்தாலும் எழுதியது தோழி இல்லை என்று தாடி சொன்னான்.

இரண்டே இடம். 'புகார் கொடுப்பவர் கமிட்டி முன் நேரில் வந்து விளக்க வேண்டும்' என்று நான் எழுதியிருந்ததில், 'விரும்பினால்' என்று ஒரு சொல் சேர்க்கப்பட்டு 'வரலாம்' என்று முடிக்கப்பட்டிருந்தது. இன்னொன்று, ஓரத்தில் ஒரு கேள்வி: 'புகார் வாங்குகிறவர் மேலேயே புகார் என்றால் யாரிடம் போவது?'

காது மடல் சூடாகிவிட்டது. காசை வாங்குகிறவனே கணக்கும் எழுதக்கூடாது என்பது ஆடிட்டிங்கில் முதல் பாடம். அதில் நான் 71 மார்க். அந்தப் பாடத்தை அகர வரிசைக்காரப் பெண் எனக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார். எங்கள் குழுவில் சேராத ஒரு மூன்றாவது நபரின் பெயரையும் நம்பரையும் சேர்த்தேன். இரண்டு திருத்தமும் எழுத்து மாறாமல் ஏற்கப்பட்டன.

இந்த முறை விதிக்கு ஆட்பட்டு, அந்த புரொஜெக்டர் ஆசாமியை உட்கார வைத்துப் பேசினோம். அடுத்த கூட்டங்களுக்கு வரவேண்டாம் என்று எழுத்தில் கொடுத்தோம். கோபித்துக்கொண்டு போனான். புரொஜெக்டரை ஒரு நாளைக்கு 800 ரூபாய் வாடகைக்கு எடுத்தோம். கணக்கில் எழுதும்போது எனக்கு வருத்தமே இல்லை.

2024-ல் மறுபடி கூட்டம். அதே ஹால். வாசலில் நோட்டு இல்லை. முன்பதிவுப் பட்டியல் என் பையில். பெயரும் டோக்கன் நம்பரும் மட்டும். ஒன்றரைப் பக்க விதி, வாசலிலும் சாப்பாட்டு ஹாலிலும் பெண்கள் டாய்லெட் கதவின் உட்புறமும் ஒட்டப்பட்டிருந்தது. கடைசி யோசனை சோழிங்கநல்லூர் அம்மணியுடையது. யாரும் பார்க்காமல் நம்பரைக் குறித்துக்கொள்ள வேண்டுமே. பேட்ஜுக்கு இரண்டு நிறக் கயிறு. சிவப்புக் கயிறு போட்டவர்களைப் படம் எடுக்கக் கூடாது. பேசுகிறவர்களுக்கெல்லாம் தாடி முன்கூட்டியே சொல்லிவிட்டான்: "வொய்ஃப் ஜோக் வேண்டாம் ஸார்."

வந்தவர்கள் 165. பெண்கள் 31. விதியால்தான் கூடியது என்று சத்தியம் செய்ய மாட்டேன். டி-ஷர்ட்டும் நன்றாக இருந்தது.

மதியம் இரண்டு மணிக்குத் தாடி என்னைத் தேடிக்கொண்டு வந்தான். முகம் ஒரு மாதிரி இருந்தது. "டேய், ஒரு கம்ப்ளெய்ண்ட் வந்திருக்கு."

"யார் மேல?"

"உன் மேலதான்."

சாப்பாட்டு வரிசையைப் படம் எடுத்திருந்தேன். எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பதற்கு ஆதாரம் வேண்டுமே! அந்த வரிசையில் சிவப்புக் கயிறு போட்ட ஒரு இளைஞர் இருந்திருக்கிறார். சோழிங்கநல்லூர் அம்மணி என்னைப் பக்கத்து வகுப்பறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, விஷயத்தைச் சொன்னார். குற்றவாளிக் கூண்டில் நிற்கிற மாதிரி நின்றேன். "காரணம் என்னவாம்?" என்று வாய் வரை வந்தது. காரணம் கேட்கக் கூடாது என்று நானே எழுதியிருக்கிறேன். (ஆபீஸில் வயிற்றுவலி என்று லீவு சொல்லிவிட்டு வந்திருப்பார் என்பது என் சொந்த ஊகம். நானும் ஆபீஸில் குப்பை கொட்டியவன்தானே.) படத்தை அழித்தேன். அழித்ததைக் காட்டினேன். "ஸாரி சொல்லிடுங்க" என்றேன். "சொல்லிடறேன். போய் சாப்பிடுங்க ஸார்" என்றார். ஐந்து நிமிஷம். யாருக்கும் வேலை போகவில்லை. எனக்கு சாம்பார் சாதம்கூடக் கிடைத்தது.

ஆனால் அந்த ஐந்து நிமிஷத்தில் ஒன்று உறைத்தது. நான் கெட்டவன் இல்லை. ஆதாரம் சேர்க்கிற வழக்கத்தில் போனைத் தூக்கினேன். மொபைல் நம்பர் பத்தி போட்டபோதும் நான் கெட்டவன் இல்லை. வொய்ஃப் ஜோக்குக்குச் சிரித்தபோதும் இல்லை. விதியெல்லாம் பொல்லாதவர்களுக்கு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பொல்லாதவன் விதியைப் படித்துவிட்டா நடக்கிறான்? அது முக்கால்வாசி என்னையும் உங்களையும் போன்ற, யோசிக்காமல் கோடு போடுகிற நல்லவர்களுக்குத்தான்.

கூட்டம் முடிந்ததும் வரவு செலவோடு புகார் அறிக்கையும் வெளியிட வேண்டும் என்று எங்கள் விதியில் இருக்கிறது. அமெரிக்க பைகானில் பெயர் போடாமல் இப்படி வெளியிடுகிறார்கள். தயாரிக்கும் பொறுப்பும் எனக்குத்தான். ஆனால் புகார் என் மேலேயே என்பதால், அந்த மூன்றாவது நபர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

'இந்த ஆண்டு வந்த புகார்: 1. தீர்க்கப்பட்டது: 1. நிலுவை: இல்லை.'

எழுதிவிட்டுப் பார்த்தால் மேலே ஒரு வரி விட்டுப்போயிருந்தது. கணக்கு எழுதுகிறவனுக்குத் தெரியும், எந்த வருஷக் கணக்கும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிப்பதில்லை. போன வருஷ பாக்கியை முதல் வரியில் எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும். எழுதினேன்.

'சென்ற ஆண்டு பாக்கி: 1.'

அந்தப் பெண் இன்னும் வரவில்லை. அவர் சேர்த்த 'விரும்பினால்' என்ற சொல் மட்டும் ஹால் வாசலில் ஒட்டியிருக்கிறது. அவர் விரும்பினால் வரட்டும். வரும் வரை அந்த முதல் வரியை வருஷா வருஷம் நான்தான் எழுத வேண்டும்.